பூட்டிய கட்டடமும் புழங்கும் அங்காடியும்: மைசூர் நகரச் சொத்துகளின் மறுபயன் குறித்து ஒரு திறனாய்வு

ஊரிலிருந்து வரும் உறவினர்கள் என் வீட்டு முகவரியைப் பார்த்துவிட்டு வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "அதென்னங்க மண்டி மொஹல்லா? பாதி தமிழ் மாதிரி இருக்கு, பாதி உருது மாதிரி இருக்கு!" அவர்கள் கேட்பதில் தவறில்லை. அரிசி மண்டி, வெல்ல மண்டி, வெங்காய மண்டி என்று நாமும் புழங்கும் அதே மண்டிதான். சரக்கு வந்து இறங்கி, மொத்தமாகக் கைமாறும் இடம். மொஹல்லா என்பது அரபியில் பிறந்து உருது வழியாக வந்த சொல். நாம் பேட்டை என்கிறோமே, அது. ஆக, எங்கள் இருப்பிடத்தைத் தமிழில் சொன்னால் மண்டிப் பேட்டை.

ஓர் ஊர்ப் பகுதிக்கு அரசர் பெயரையோ தெய்வத்தின் பெயரையோ வைக்காமல், அங்கே நடக்கும் வேலையின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இடத்தை அதன் பயனால் அறிந்தவர்கள் நம் முன்னோர். மதுரைக்காஞ்சி பகலில் நடக்கும் கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் நடப்பதை அல்லங்காடி என்றும் பிரித்துச் சொல்வதைத் தமிழ் படித்தவர் அறிவர். கட்டடம் எத்தனை அடி உயரம் என்பதைவிட, அங்கே எப்போது யார் வந்து என்ன விற்றார்கள் என்பதே அந்தப் பெயர்களில் நிற்கிறது.

இந்தப் பார்வை இன்று நம்மிடம் குறைந்துபோயிற்று என்பதே இக்கட்டுரையின் குறை. மைசூரில் மாநகராட்சிக்குச் சொந்தமான பழம்பெரும் கட்டடங்களைப் பற்றி 10, 15 ஆண்டுகளாக நடந்துவரும் வாதங்களில் "இடிக்க வேண்டும்" என்று ஒரு கட்சி, "காக்க வேண்டும்" என்று ஒரு கட்சி. "யாருக்கு, எதற்கு?" என்று கேட்கிற கட்சிக்குத்தான் ஆள் போதவில்லை.

இரண்டு ஆகஸ்டு மாதங்கள்

எங்கள் மொஹல்லாவிலிருந்து காலாற நடந்தால் சையாஜி ராவ் சாலையும் தேவராஜா மார்க்கெட்டும் வந்துவிடும். இன்னும் கொஞ்சம் நடந்தால் சிக்க கடியாரம், அதன் பக்கத்தில் லான்ஸ்டவுன் கட்டடம். 1892இல் வைசிராய் லான்ஸ்டவுன் பிரபு மைசூருக்கு வந்ததன் நினைவாகப் பத்தாம் சாமராஜேந்திர உடையார் காலத்தில் எழுந்தது அது. அப்போது திவானாக இருந்தவர் சேஷாத்ரி ஐயர். அவருக்கு முன் திவானாக இருந்த ரங்காசார்லு நம் செங்கல்பட்டுப் பக்கத்தில் பிறந்தவர். அவர் பெயரைத் தாங்கி நிற்பதுதான் மைசூர் டவுன் ஹால். இவற்றையெல்லாம் சொல்வது "நாம்தான் கட்டினோம்" என்று பெருமை பேச அல்ல. இந்த நகரின் பொதுக் கட்டடங்களில் நமக்கும் கொஞ்சம் பாத்தியதை உண்டு, ஆகவே பொறுப்பும் உண்டு என்று நினைவூட்டத்தான்.

மைசூரில் பிள்ளைகளைப் படிக்கவைத்த தமிழ்க் குடும்பங்களுக்கு லான்ஸ்டவுன் கட்டடம் என்றால் பழைய புத்தகக் கடைகள்தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கிறபோது போன வருஷத்துப் பாடப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டு இந்த வருஷத்துப் புத்தகத்தைப் பாதி விலைக்கு வாங்கி வருவோம். நானும் என் தம்பியும் ஒரே கணக்குப் புத்தகத்தில் அடுத்தடுத்த ஆண்டுகளில் படித்தவர்கள். அதற்கு முன் அதை வைத்திருந்தவர் ஓரத்தில் கன்னடத்தில் எழுதிவைத்திருந்த விடைகள்தான் எனக்குக் கன்னட எண்களைக் கற்றுத் தந்தன.

2012ஆம் ஆண்டு ஆகஸ்டு 25ஆம் தேதி அந்தக் கட்டடத்தின் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதன் பின் கடைகள் காலியாயின. கட்டடம் ஆண்டுக்கணக்கில் பயனின்றிக் கிடந்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, 2016 ஆகஸ்டு 28ஆம் தேதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவராஜா மார்க்கெட்டின் வடக்கு வாசல் பகுதி சரிந்தது. அப்போது அங்கே சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தது. நல்லவேளையாக உயிர்ச் சேதம் இல்லை.

இவ்விரண்டு ஆகஸ்டுகளுக்குப் பிறகு குழுக்கள் அமைந்தன, அறிக்கைகள் வந்தன. ஒரு தரப்பு, கட்டடங்கள் வலுவிழந்துவிட்டன, இடித்துவிட்டு அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டலாம் என்றது. பாரம்பரியத் துறை அறிஞர்கள், முறையாகப் பழுதுபார்த்தாலே போதும் என்றார்கள். வழக்கு உயர்நீதிமன்றம் வரை போனது. நான் பொறியாளன் அல்ல. எந்தச் சுவர் தாங்கும், எது தாங்காது என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு அருகதை இல்லை. ஆனால் இரண்டு தரப்பு வாதங்களையும் படித்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லலாம். இரண்டு தரப்பும் பேசியது பெரும்பாலும் சுவரைப் பற்றித்தான்.

சுவர் ஏன் விழுகிறது?

அந்தக் காலத்துக் கட்டடங்கள் சுண்ணாம்புக் காரையால் ஆனவை. மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் ஒட்டு: தேக்கு உத்தரங்களின் மேல் சிறு செங்கல்லைக் குத்துவாட்டில் அடுக்கி, சுண்ணாம்பு போட்டு அடித்து இறுக்கிய தளம். நம் ஊர்ப் பழைய வீடுகளில் கட்டைக்குத்துத் தளம் என்பார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் பட்டால் விட்டுவிடும். அதன் மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிவிடும். தங்கிய ஈரம் உத்தரத்தின் முனையை, சுவருக்குள் செருகியிருக்கும் பகுதியை, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கும். மாடியில் ஒரு அரச மரக் கன்று முளைத்ததா, மழைத் தண்ணீர் போகும் குழாய் அடைத்ததா என்று வருஷம் ஒருமுறை ஏறிப் பார்க்க ஓர் ஆள் இருந்தால் இதில் பாதி நேராது.

அந்த ஆள் யார்? இங்கேதான் நகரச் சொத்தின் சிக்கல் இருக்கிறது. சொந்தக்காரர் மாநகராட்சி. புழங்குகிறவர் கடைக்காரர். வாடகை பழைய வாடகை என்றால், "வர்ற வாடகையில சுண்ணாம்பு கூட அடிக்க முடியாது" என்று மாநகராட்சி சொல்லும். "ரிப்பேர் பண்றது நம்ம வேலையா? ஓனர் வேலை" என்று கடைக்காரர் சொல்வார். இரண்டும் ஒரு வகையில் உண்மை. இரண்டு உண்மைகளுக்கு நடுவில் மழைத் தண்ணீர் இறங்குகிறது. கட்டடம் விழுவதற்கு வயது ஒரு காரணம்தான். பொறுப்புக்கு ஆள் இல்லாதது அதைவிடப் பெரிய காரணம். பயனில் இருந்தும் பராமரிப்பு இல்லாமல் விழுந்தது லான்ஸ்டவுன். பயனும் போய்விட்டால், விழுவதைப் பார்த்துச் சொல்லக்கூட ஆள் இருக்காது.

மாளிகைகளுக்குக் கிடைத்த வழி

மைசூர் மறுபயனுக்குப் புதிய ஊர் அல்ல. இந்த நகரில் அரச குடும்பத்து மாளிகைகள் வேறு வேலைக்கு வந்த கதைகள் நிறைய. ஜகன்மோகன் அரண்மனை 1915இல் ஓவியக் கூடமாயிற்று. செலுவாம்பா மாளிகையில் 1950ஆம் ஆண்டு மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. லலித மகால் ஓட்டலாயிற்று. சித்தரஞ்சன் மகால் கிரீன் ஹோட்டல் என்ற பெயரில் விடுதியாகி, லாபத்தை அறப்பணிக்குத் தருகிறது என்று பெயர் வாங்கியது. மானசகங்கோத்ரி வளாகத்தில் இருக்கும் ஜெயலட்சுமி விலாஸ் நாட்டுப்புறவியல் அருங்காட்சியகமாயிற்று.

இவற்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பாடம் கிடைக்கிறது. செலுவாம்பா மாளிகையில் தினமும் ஆட்கள் வேலைக்கு வருகிறார்கள். ஒரு ஓடு நகர்ந்தால் மறுநாள் யாராவது பார்ப்பார்கள். ஜெயலட்சுமி விலாஸோ, 2000ங்களின் தொடக்கத்தில் இன்ஃபோசிஸ் அறக்கட்டளையின் உதவியால் புதுப்பிக்கப்பட்டும், மறுபடி பழுதுபார்க்க வேண்டிய நிலைக்கு வந்தது. பழுதுபார்ப்பது ஒரு நாள் கல்யாணம் மாதிரி. பணம் இருந்தால் நடத்திவிடலாம். அதன் பின் குடித்தனம் நடத்துவது யார் என்பதுதான் கேள்வி.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மாளிகை என்பது ஒரு குடும்பம் வாழ்ந்த இடம். அந்தக் குடும்பம் போன பிறகு இடம் காலி. புதிய பயன் ஒன்றைக் கொண்டுவந்து வைக்கலாம், யாரும் தெருவுக்கு வர மாட்டார்கள். சந்தைக் கட்டடம் அப்படி அல்ல. அங்கே நூற்றுக்கணக்கான கடைகள், ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு குடும்பம். கடை இல்லாமல் நடைபாதையில் கூடை வைத்து விற்கும் பெண்கள் வேறு. அரண்மனையை ஓட்டலாக்கிய அதே மனநிலையோடு அங்காடியை அணுகினால், புதிய பயன் வருவதற்குள் பழைய பயனாளிகள் காணாமல் போய்விடுவார்கள். மைசூர் இதுவரை அரண்மனைகளுக்கு வழி கண்ட ஊர். அங்காடிக்கு வழி காண அது இன்னும் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

மூர் மார்க்கெட் சொல்லும் சேதி

இப்படி ஒரு அங்காடி கைநழுவிப்போன கதை நம் சென்னையிலேயே இருக்கிறது. சென்ட்ரல் நிலையத்துக்குப் பக்கத்தில் 1900இல் திறக்கப்பட்ட மூர் மார்க்கெட், மாநகராட்சித் தலைவராக இருந்த சர் ஜார்ஜ் மூரின் பெயரால் வந்தது. செங்கல் சிவப்பில் நாற்சதுரமாக நின்ற அந்தக் கட்டடத்தில் கிளி முதல் கிராமபோன் தட்டு வரை கிடைக்கும். பழைய புத்தகத்துக்கோ அது காசி, ராமேஸ்வரம். தமிழ் ஆராய்ச்சியாளர் பலருக்குக் கிடைத்தற்கரிய பதிப்புகள் அங்கேதான் எடைக்குப் பக்கத்து விலையில் கிடைத்தன.

1985 மே மாதம் அது தீக்கு இரையாயிற்று. அந்த இடத்தில் ரயில்வேயின் புறநகர் நிலையம் வந்தது. புத்தகக்காரர்கள் அருகில் அல்லிக்குளம் வணிக வளாகத்துக்குப் போனார்கள். சட்டப்படி பார்த்தால் மறுவாழ்வு கிடைத்தது, கூரையும் கிடைத்தது. ஆனால் புத்தகம் தேடி வருகிறவன் கிளிக் கூண்டைப் பார்த்து நிற்பதும், கிளி வாங்க வந்தவன் ஒரு நாவலைப் புரட்டிப் பார்ப்பதும் அந்த வளாகத்துக்கு இடம் மாறவில்லை. வியாபாரம் சுருங்கியது. இன்று அந்தப் பக்கம் போனால் மூர் மார்க்கெட்டின் சிறிய மாதிரி உருவம் ஒன்று நிற்கிறது. அங்காடி போய், பொம்மை மிஞ்சியது.

அதே சாலையில், கூப்பிடு தூரத்தில் விக்டோரியா பப்ளிக் ஹால். 1880களில் சிஷோம் வரைபடம் போட, நம்பெருமாள் செட்டியார் கட்டியது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தொடங்கிய சுகுண விலாச சபையின் நாடகங்கள் அங்கே அரங்கேறின. நாடகம் நின்றது, மண்டபம் பல பத்தாண்டுகள் பூட்டிக் கிடந்தது. பல முறை "புதுப்பிக்கப் போகிறோம்" என்று அறிவிப்பு வந்து, 2023இல் மாநகராட்சி பெரிய அளவில் பணியைத் தொடங்கியது. இங்கே நாம் பார்க்க வேண்டியது காலக் கணக்கை. என்ன பயன் என்று முடிவாகாத கட்டடம், மையமான இடத்தில், ரிப்பன் மாளிகையை ஒட்டி, எல்லோர் கண்ணிலும் பட்டுக்கொண்டே ஒரு தலைமுறைக்கு மேல் பூட்டிக் கிடக்க முடியும். லான்ஸ்டவுனைப் பற்றி "எப்படியும் ஏதாவது செய்வாங்க" என்று நாம் நிம்மதியாக இருந்துவிட முடியாது.

கோலாலம்பூரில் பிழைத்ததும் போனதும்

"வெளிநாட்டில் பாருங்கள், எவ்வளவு அழகாக வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லும் அன்பர்களுக்காக ஒன்று. கோலாலம்பூரில் நம்மவர் பலர் பார்த்திருக்கும் சென்ட்ரல் மார்க்கெட், மலாயில் பசார் செனி, 1888இல் மீனும் காய்கறியும் விற்கும் சந்தையாகத் தொடங்கியது. இப்போதுள்ள கட்டடம் 1937இல் முடிந்தது. 1980களில் இடிபட இருந்ததை மலேசியப் பாரம்பரிய அமைப்பினர் முயன்று காப்பாற்றினார்கள். 1986இல் அது கைவினைப் பொருள் அங்காடியாக மறுபடி திறந்தது. வெளியே பார்த்தால் வெற்றி. கட்டடம் பளிச்சென்று நிற்கிறது. சுற்றுலாப் பயணிகள் நிறைகிறார்கள். ஆனால் மீன் விற்றவர், கீரை விற்றவர் அங்கே இல்லை. பெயரில் மார்க்கெட், உள்ளே நினைவுப் பொருள்.

சிங்கப்பூரின் லாவ் பா சாட் வேறு மாதிரி. 1894இல் எழுந்த எண்கோண இரும்புச் சந்தை. 1973இல் சாப்பாட்டுக் கடைகளின் இடமாயிற்று. 1986இல் நிலத்தடி ரயிலுக்காக இரும்புப் பாகங்களைக் கழற்றி எடுத்துவைத்து, வேலை முடிந்த பின் திரும்பப் பூட்டினார்கள். காய்கறி போனது, ஆனால் உள்ளூர் அலுவலகக்காரர் மத்தியானம் வந்து சாப்பிடுகிற இடமாக அது நின்றது. இரண்டையும் ஒப்பிட்டால், கட்டடம் பிழைத்ததா என்ற ஒரு கேள்வி போதாது என்று தெரிகிறது. உள்ளூர்க்காரனுக்கு அங்கே போக அன்றாடக் காரணம் மிஞ்சியதா என்று இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்.

தேவராஜா மார்க்கெட்டுக்குப் புதிய பயன் வேண்டுமா?

என் கருத்தை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். தேவராஜா மார்க்கெட்டுக்குப் புதிய பயன் எதுவும் தேவையில்லை. பழைய பயனுக்குப் புதிய வசதி தேவை. மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளை வாழை ஆகிய மூன்றும் புவிசார் குறியீடு பெற்றவை. மூன்றும் வந்து இறங்கிக் கைமாறும் இடத்தை அருங்காட்சியகம் ஆக்கிவிட்டு, அவற்றின் படத்தை உள்ளே மாட்டிவைப்பதில் என்ன அர்த்தம்?

அங்கே பூவை மாருக் கணக்கில் அளப்பார்கள். நம் பெண்கள் முழக் கணக்கில் கேட்பார்கள். இரண்டு கணக்குக்கும் நடுவில் பேரம் நடக்கும், கடைசியில் ஒரு சுற்று கொசுறாக வரும். ஒரு தை மாதக் காலையில் பூக்கார அம்மாள் ஒருவர், தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "போட்டோ எடுக்கறவங்க ஜாஸ்தி ஆயிட்டாங்க சாமி, பூ எடுக்கறவங்க கம்மி ஆயிட்டாங்க." குங்குமக் குவியல்களைப் படம் பிடிக்க வெளிநாட்டார் வருகிறார்கள், குங்குமம் வாங்குகிறவர்கள் வேறு கடைக்குப் போய்விட்டார்கள். கட்டடம் நின்று, வாடிக்கை போய்விட்டால் அதுவும் ஒரு வகைச் சரிவுதான். அதற்கு ஆகஸ்டு மாதம் வர வேண்டியதில்லை.

ஆகவே அங்கே வேண்டியவை சின்னச் சின்ன விஷயங்கள். தண்ணீர் வடிய வழி, பெண்களுக்குக் கழிப்பிடம், சரக்கு இறக்க நேரம், மின்கம்பிகளுக்கு ஒழுங்கு. பழுதுபார்ப்பதானால் ஒரு பகுதி, ஒரு பகுதியாக. மொத்தச் சந்தையையும் ஒரே நாளில் பூட்டி, "முடிந்ததும் கூப்பிடுகிறோம்" என்றால் கூப்பிடும்போது ஆள் இருக்க மாட்டார். இடம் மாற்றுவதற்கு முன்பே, யாருக்கு எத்தனை அடி இடம், எந்த வரிசையில், எந்தத் தேதிக்குள் திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் தர வேண்டும். கூடைக்காரர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்க வேண்டும்.

கடைக்காரர் தரப்பிலும் குறை உண்டு என்பதை மறைக்கக் கூடாது. பழைய வாடகையைப் பிடித்துக்கொண்டு உள்வாடகைக்கு விடுவது, சுவரை உடைத்துப் பரண் கட்டுவது, கூரை மேல் பாரம் ஏற்றுவது போன்றவை பழைய சந்தைகள் எல்லாவற்றிலும் காணும் வழக்கங்கள். வாடகை நியாயமாக உயரத்தான் வேண்டும். ஆனால் உயர்ந்த வாடகையில் ஒரு பங்கு, அந்தக் கட்டடத்தின் பராமரிப்புக்கு என்றே தனிக் கணக்கில் போக வேண்டும். அந்தக் கணக்கைச் சந்தை வாசலில் பலகையில் எழுதிவைக்கட்டும். கொடுக்கிறவனுக்கு எங்கே போகிறது என்று தெரிந்தால் கொடுப்பதில் கசப்பு குறையும்.

லான்ஸ்டவுனுக்கு ஒரு யோசனை

லான்ஸ்டவுன் நிலைமை வேறு. அது காலியான கட்டடம். அங்கே மறுபயன் என்ற பேச்சுக்கு உண்மையாகவே இடம் இருக்கிறது. நிறையப் பேர் சொல்வது அருங்காட்சியகம். மைசூரில் அருங்காட்சியகத்துக்குப் பஞ்சமா? சுற்றுலாப் பயணி ஒருமுறை வருவார், போவார். உள்ளூர்க்காரன் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது ஒருமுறை, கல்யாணமான பின் விருந்தாளியை அழைத்துக்கொண்டு ஒருமுறை, அவ்வளவுதான் போவான்.

என் யோசனை, அந்தக் கட்டடம் என்னவாக இருந்ததோ அதிலிருந்து தொடங்குவது. தரைத்தளத்தில் பழைய புத்தகக் கடைகள் திரும்பி வரட்டும். முன்பு அங்கே இருந்தவர்களுக்கு முதலில் இடம். மேல்தளத்தில் படிப்பகம். போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள், ஒற்றை அறை வீட்டில் விளக்கைப் போட்டால் தம்பி தங்கை தூக்கம் கெடும் என்று தெருவிளக்கைத் தேடுகிற பிள்ளைகள், எங்கள் மண்டி மொஹல்லாவிலேயே எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தேவை ஒரு நாற்காலி, ஒரு விளக்கு, இரவு 10 மணி வரை திறந்திருக்கும் கதவு. பகலில் கடை, இரவில் படிப்பு. நாளங்காடியும் அல்லங்காடியும் ஒரே கூரையின் கீழ் என்று வைத்துக்கொள்ளலாம்.

இதிலும் ஒரு எச்சரிக்கை வேண்டும். புத்தகம் கனமான சரக்கு. அலமாரி அலமாரியாக மேல்தளத்தில் ஏற்றினால் பழைய ஒட்டுத் தளம் தாங்காது. ஆகவே புத்தகம் கீழே, வாசகர் மேலே. மேலே எத்தனை பேர் உட்காரலாம் என்பதைப் பொறியாளர் சொல்ல வேண்டும். சொன்னதற்கு மேல் ஒரு நாற்காலி கூடப் போடக் கூடாது. நான்கு உயிர்கள் போன இடம் அது. அழகான யோசனைக்காக ஐந்தாவது உயிரைப் பணயம் வைக்க யாருக்கும் உரிமை இல்லை. ஆராய்ந்து பார்த்து, ஒரு பகுதி எந்த வகையிலும் தேறாது என்று தெரிந்தால் அதை இறக்கிவிடுவதற்கும் நாம் மனம் ஒப்ப வேண்டும். ஆனால் இறக்கிய இடத்தில் எழுவது எந்த வடிவில் இருந்தாலும், உள்ளே மறுபடி புத்தகக்காரரும் மாணவரும் இருக்க வேண்டும். பழைய முகப்பை ஒட்டவைத்து உள்ளே நகைக் கடையும் கைபேசிக் கடையும் வைத்தால், அதை மறுபயன் என்று என்னால் சொல்ல இயலாது.

படிப்பகத்தில் கன்னட நூல்களுக்கு முதல் இடம். அது இந்த மண்ணின் மொழி. நமக்குச் சோறு போட்ட மொழி. அதன் பக்கத்தில் உருது, தெலுங்கு, தமிழ் என்று ஆளுக்கொரு அலமாரி இருந்தால் போதும். தமிழ் அலமாரியை நிரப்பும் பொறுப்பை நம் சங்கம் ஏற்கலாம். நம் வீட்டுப் பரண்களில் தூசி படிந்து கிடக்கும் புத்தகங்களே ஆரம்பத்துக்குப் போதும்.

நம் பங்கு

இவ்வளவு எழுதிய நான் என் கணக்கையும் சொல்ல வேண்டும். வடக்கு வாசல் சரிந்த பிறகு "தேவராஜா மார்க்கெட்டைக் காப்போம்" என்று ஒரு தாள் எங்கள் தெருவில் சுற்றுக்கு வந்தது. முதல் பத்துக் கையெழுத்துகளில் என்னுடையதும் ஒன்று. அன்று சாயங்காலம் வீட்டுக்குக் காய்கறி வாங்கியது குளிர்சாதனம் போட்ட ஒரு கடையில். என் மனைவிதான் சுட்டிக்காட்டினாள்: "கையெழுத்து அங்கே, காசு இங்கேயா?" பதில் சொல்ல முடியவில்லை. கேட்டால் வண்டி நிறுத்த இடமில்லை, கூட்டம், கால் வலி என்று ஆயிரம் காரணம் சொல்வேன். மாநகராட்சியும் காரணம் சொல்கிறது, கடைக்காரரும் சொல்கிறார், நானும் சொல்கிறேன். யார் சொன்ன காரணத்தையும் கூரை கேட்டுக்கொண்டிருப்பதில்லை.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இதில் ஒரு கூச்சம் உண்டு. "இது அவங்க ஊர் விஷயம், நமக்கென்ன" என்று ஒதுங்குவோம். வரி கட்டுகிறோம், வாக்களிக்கிறோம், மூன்றாவது தலைமுறை இங்கே பிறந்து வளர்கிறது. ஊர்ச் சொத்தில் நமக்குப் பங்கு இல்லை என்றால் வேறு எதில் இருக்கிறது? ஆனால் பங்கு கேட்பது என்றால் மேடை போட்டுப் பேசுவது அல்ல. வார்டு கூட்டத்தில் மற்றவரோடு உட்கார்ந்து, "இந்தக் கட்டடத்தில் நாளைக்கு யார் இருப்பார்கள், எந்த வாடகைக்கு, கூரையை யார் பார்ப்பார்கள்?" என்று மூன்று கேள்வியைக் கேட்பது. கன்னடத்தில் கேட்டால் இன்னும் நல்லது.

அதற்கு முன் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வருகிற பொங்கலுக்குச் சங்கம் வாங்கும் கரும்பு, மஞ்சள் கொத்து, வாழை இலை, பூ எல்லாவற்றையும் தேவராஜா மார்க்கெட்டிலேயே வாங்குவது என்று செயற்குழு முடிவு செய்யட்டும். பிள்ளைகளையும் அழைத்துப் போவோம். முழத்துக்கும் மாருக்கும் என்ன வித்தியாசம் என்று அந்தப் பூக்கார அம்மாளே அவர்களுக்கு அளந்து காட்டுவார். கால் வலியைப் பொறுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.